லயன்களையும் களனிக் கரையையும் கணக்கில் எடுங்கள்: காலநிலை மாற்றச் செயலகத்திற்கு ஒரு திறந்த மடல்

சுற்றாடல் அமைச்சின் காலநிலை மாற்றச் செயலக அதிகாரிகளுக்கு, கொழும்பிலிருந்து வணக்கம்.

2016 முதல் 2025 வரைக்கென வகுக்கப்பட்ட தேசிய இசைவாக்கத் திட்டத்தின், அதாவது காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளுக்கு நாட்டைத் தயார்ப்படுத்தும் திட்டத்தின், காலம் முடிந்துவிட்டது. அதன் கடைசி ஆண்டின் நவம்பர் மாதத்தில்தான் டித்வா புயல் இந்த நாட்டைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டடங்கள், வீதிகள், வயல்கள் ஆகியவற்றுக்கு ஏற்பட்ட நேரடிச் சேதம் மட்டும் ஏறத்தாழ 4.1 பில்லியன் அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. அடுத்த திட்டத்தில் யாருடைய பெயர் இடம்பெறும் என்பதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

உலக அரங்கில் இலங்கை முன்வைக்கும் கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் நமது பங்கு நூற்றுக்கு 0.1 வீதத்தையும் எட்டாது. இருந்தும் மண்சரிவும் வெள்ளமும் வரட்சியும் நம்மை மாறி மாறி வாட்டுகின்றன. 2022ஆம் ஆண்டு எகிப்தில் நடந்த ஐக்கிய நாடுகள் மாநாட்டில் இழப்பு மற்றும் சேதத்துக்கான நிதியத்தை அமைக்க நாடுகள் உடன்பட்டதும், காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியதும் நம்மைப் போன்ற நாடுகளின் கையை வலுப்படுத்தியிருக்கின்றன. ஆயினும் முழு உலகத்துக்குமான அந்த நிதியத்துக்கு முதல் மூன்று ஆண்டுகளில் வாக்களிக்கப்பட்ட தொகை ஒரு பில்லியன் டொலரைக்கூடத் தாண்டவில்லை. நமது ஒரே புயலின் சேதத்தோடு அதை ஒப்பிட்டால், வரக்கூடிய உதவி எவ்வளவு சொற்பமாக இருக்கும் என்பது விளங்கும். அந்தச் சொற்பமும் யாரைச் சென்றடையும் என்பதை ஜெனீவாவிலோ பெலேமிலோ நடக்கும் சர்வதேசக் கூட்டங்களில் எவரும் தீர்மானிக்கப்போவதில்லை. அது கொழும்பில் தயாரிக்கப்படும் அட்டவணைகளில்தான் தீர்மானிக்கப்படும்.

அந்த அட்டவணைகளில் மலையகத் தோட்டக் குடும்பங்கள் எப்படிப் பதிவாகின்றன என்பதே என் கவலை. இழப்பீடும் மீள்குடியேற்றமும் பெரும்பாலும் வீட்டு உரிமையாளரை மையமாக வைத்தே வகுக்கப்படுகின்றன. தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயனின் அறையோ அங்கு வாழ்பவருக்குச் சொந்தமில்லை. நிலம் அரசினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது, பல தலைமுறைகளாக அங்கே வாழும் குடும்பத்தின் கையில் காணி உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. ஆகவே அறை இடிந்து மண்ணுக்குள் போனாலும், சட்டத்தின் பார்வையில் இழந்தவர் அங்கு குடியிருந்தவர் அல்லர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வரிசைகள் மண்சரிவில் புதையுண்டபோது, அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது என்ற செய்தியும் சேர்ந்தே வெளிவந்தது. எச்சரிக்கையைக் கேட்டுப் பெயர்ந்துபோக அவர்களுக்குச் சொந்த நிலம் எங்கே இருந்தது? தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் தடையின்றிப் பணம் செலவிடுவதற்கே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், பேரிடர் முகாமைத்துவம் என்று நாம் பேசுவது எவ்வளவு பிந்தி அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது புரியும்.

ஆகையால், புதிய திட்டத்தில் உரித்தை அல்ல, வசிப்பிடத்தை அளவுகோலாகக் கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கி வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தின் மேல் தோட்டப் பிரிவு வாரியாகக் குடும்பங்களைப் பதிவதும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாற்றுக் காணி எங்கே, அதற்குரிய உறுதி எப்போது என்று எழுதுவதும் வெளிநாட்டு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலைகள் அல்ல.

மலையகத்தின் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் பெய்யும் மழைதான் களனி கங்கையாகக் கொழும்புக்கு வருகிறது. மழைக்காலத்தில் ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி நீர்மானியின் அளவை நாங்கள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்போம். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பகுதிகளில் 2016 மே மாதத்தில் கண்ட வெள்ளத்தையே டித்வாவின்போதும் கண்டோம். அங்கும் வாடகைக்கு இருப்பவர்களும் ஆற்றோர ஒதுக்கு நிலத்தில் குடிசை அமைத்தவர்களுமே அதிகம் இழந்தார்கள்; அவர்களுக்கும் மேற்சொன்ன அளவுகோலே பொருந்தும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: வெள்ளத்தை உள்வாங்கும் சதுப்பு நிலங்களுக்காகவே கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தச் சான்றிதழை மாநாடுகளில் காட்டுகிறோம். சதுப்பை மண் கொட்டி நிரப்புவதை நிறுத்தியபாடில்லை. இதற்கு எந்தப் பணக்கார நாட்டையும் குறைசொல்ல முடியாது.

எச்சரிக்கைகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மண்சரிவு அபாயம் மிகுந்த பல பிரதேச செயலகப் பிரிவுகளில் தமிழ் பேசுவோர் செறிந்து வாழ்கிறார்கள். சிங்களத்தில் அறிவித்தல் வெளியாகும் அதே நேரத்தில் தமிழிலும் வெளியாவது அரசியலமைப்பு ஏற்கெனவே தந்த உரிமை. புதிய திட்டம் அதைச் சலுகையாக எழுதாமல், பொறுப்பான அலுவலரின் பதவியைக் குறிப்பிட்டுக் கடமையாக எழுதவேண்டும்.

திட்டத்தின் வரைவை அமைச்சரவைக்கு அனுப்பும் முன் மும்மொழிகளிலும் வெளியிடுமாறும், ஹட்டனிலும் பதுளையிலும் கொலன்னாவையிலும் தமிழில் மக்கள் கருத்தறியும் கூட்டங்களை, தோட்டத் தொழிலாளர் நாட்கூலியை இழக்காமல் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். அக்கூட்டங்களில் சொல்லப்பட்டவற்றுள் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் விடப்பட்டன என்பதையும் வரைவோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
கொழும்புக் குடிமகன் ஒருவன்