போக்கியத்துக்கு நோட்டரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் சட்டக் கேள்வி-பதிலில், எட்டு லட்சம் கொடுத்துப் போக்கியத்துக்கு வீடு பிடிக்கப்போகும் வாசகருக்கு உங்கள் வழக்கறிஞர் சொன்ன யோசனை: "11 மாத ஒப்பந்தம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும்." போதும்தான், வீட்டுக்காரருக்கு.

மாத வாடகை இல்லாமல் மொத்தப் பணம் கொடுத்துக் குடியேறினால், போக்கியமோ ஒத்தியோ லீஸோ, சாரத்தில் அது அடமானம். அசல் 100 ரூபாயைத் தொட்டாலே இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்தாக வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-வது பிரிவு, தங்களுக்குத் தெரியாததல்ல. பதிவைத் தவிர்க்க எழுதும் 11 மாதக் கணக்கு வாடகைக்கு உரியது. அந்த ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்லும் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்துவிட்டது. உங்கள் இதழுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பத்திரம் எழுதும் தொழிலில் அடிக்கடி பார்ப்பது இது: பதியாத போக்கியம், சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டுக்காரர் அதே வீட்டை வங்கியில் வைப்பார். தவணை நின்றதும், அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்த வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் நோட்டீஸ் வாசல் கதவில் ஒட்டப்படும். குடியிருப்பவர் நோட்டரி தாளை நீட்டினால், பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி என்பதற்கு மேல் அதற்கு மதிப்பிருக்காது. அந்தப் பணத்தைக் கேட்டு வழக்குப் போடவும் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு; பதிவான அடமானம் என்றால் 12.

வில்லங்கம் பார்க்கச் சொல்லி வீடு வாங்குபவருக்கு வாராவாரம் எழுதுகிறீர்கள். குடிவருபவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? அவரும் 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸைக் காட்டினால் அசல் எங்கேயோ கடனுக்குப் போயிருக்கலாம். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். காலி செய்யும்போது பணம் கைக்கு வந்தபின்தான், அடமானம் தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்கும் ரசீதுப் பத்திரத்தில் கையெழுத்து. பதிவு என்றதும் வீட்டுக்காரர் பின்வாங்குவார். முத்திரைக் கட்டணம் ஒரு சாக்கு, வில்லங்கத்தில் பெயர் ஏறினால் கடன் வாங்க முடியாது என்பதுதான் உண்மைக் காரணம். அப்படிப்பட்ட வீடு வேண்டாம் என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். விளம்பரத்துக்கு அடியில் மூலையில் வேண்டாம்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
மதுரை.