கோட்லா டெஸ்டுக்குக் கிளம்பும் நண்பனுக்கு

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் வேலையில் சேர்ந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். சேப்பாக்கத்தை விட்டு வேறு மைதானத்தில் கால் வைக்காத நீ, சின்னவளைக் கூட்டிக்கொண்டு டில்லிக்கு டெஸ்ட் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம். நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

மேட்சுக்கு ஐந்து நாள், ஊர் சுற்ற இரண்டு நாள் என்று பிரித்து வைத்திருக்கிறாய். டில்லியின் கிரிக்கெட் மைதானமான கோட்லாவில் அந்தக் கணக்கு சரிவராது. மைதானமே பழைய தலைநகரத்தின் மதிலோரத்தில்தான் இருக்கிறது. 1354-இல் பிரோஸ் ஷா துக்ளக் யமுனைக் கரையில் பிரோசாபாத் என்று ஒரு தலைநகரம் கட்டத் தொடங்கினான். அதன் கோட்டைதான் கோட்லா. ஆறு பிறகு கிழக்கே ஒதுங்கிவிட்டது, கோட்டை இடிபாடாக மைதானத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வடக்கே பத்து நிமிடம் நடந்தால் ஷாஜகான் கட்டிய நகரத்தின் தெற்கு வாசலான டில்லி கேட். தெற்கே போனால் 1911-இல் அறிவித்து 1931-இல் திறந்துவைத்த புது டில்லி. மூன்று தலைநகரங்களும் ஒரு மைதானத்தைச் சுற்றியே கிடக்கின்றன. அதனால் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று ஊரை ஆட்டத்தோடு சேர்த்தே பார்த்துவிடலாம். அதற்குத் தங்குமிடம் சரியாக அமைய வேண்டும்.

ரயிலடிக்கு எதிரே பஹாட்கஞ்சில் அறை மலிவுதான். ஆனால் ஐந்து நாளும் காலை நெரிசலில் அங்கிருந்து வருவது அலுப்பு. தரியாகஞ்சில் எடு. மைதானத்துக்கு நடந்தே போகலாம், ஜாமா மசூதிக்கும் நடந்தே போகலாம். கரோல் பாக் பக்கம் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு வசதி, மைதானத்துக்குத் தூரம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனால் இரவு சென்ட்ரலில் ஏறி, மூன்றாம் நாள் காலையில் புது டில்லியில் இறங்குவாய். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அந்த நாளைக் குறித்து வை. ஆட்டம் தொடங்கும் அன்றே போய்ச் சேருகிற மாதிரி மட்டும் எடுக்காதே. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி இறங்கினால் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் நின்றுவிடும். ஒரு நாள் முன்னதாகவே போய்விடு. இறங்கியதும் அஜ்மேரி கேட் பக்கம் வெளியே வா, மெட்ரோ அந்தப் பக்கம்தான். பஹாட்கஞ்ச் பக்கம் போனால், "உங்கள் ஓட்டல் மூடிவிட்டது", "உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது, சுற்றுலா அலுவலகத்துக்கு வாருங்கள்" என்று கூட வருபவர்கள் உண்டு. நின்று பதில் சொல்லாதே, நடந்துகொண்டே இரு.

மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் வடக்கே மூன்றாவது நிறுத்தம் காஷ்மீரி கேட். அங்கே ஊதாத் தடத்துக்கு மாறி லால் கிலா, ஜாமா மசூதி தாண்டினால் டில்லி கேட். தெற்கே மத்திய செயலகத்தில் மாறியும் வரலாம், அது சுற்று. விமானத்தில் வந்தால் மூன்றாம் முனையத்திலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ இருபது நிமிடம் போல ஓடி இதே புது டில்லி நிலையத்தில் விடும். எல்லா நிலையத்திலும் பையை எக்ஸ்ரேயில் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், காலையில் அந்த வரிசைக்கே கால் மணி நேரம் ஒதுக்கு. ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். சின்னவள் அதில் ஏறினால் நீ கூட ஏற முடியாது. எந்த நிலையத்தில் இறங்குவது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் அருண் ஜெட்லி ஸ்டேடியம் என்றுதான் இருக்கும், 2019-இல் பெயர் மாறியது. ஆட்டோக்காரர்களுக்குக் கோட்லா என்றாலே போதும். நாள் வாரியாக டிக்கெட் கிடைத்தால் முதல் மூன்று நாளுக்கு மட்டும் எடு. 2013-இலும் 2023-இலும் ஆஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்ட் இரண்டுமே மூன்றாம் நாளில் முடிந்தன. 2025 அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸ் ஐந்தாம் நாள் வரை இழுத்தது. வார நாட்களில் டெஸ்டுக்கு இடமில்லாமல் போவது அரிது, ஆகவே நான்காம் நாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட் வாங்கும்போது விலையைப் பார்க்கும் முன் இடத்தைப் பார். அங்கே சுழலைப் பார்க்கத்தான் போகிறாய். அதற்கு விக்கெட்டுக்கு நேர் பின்னால், கொஞ்சம் உயரமான வரிசை வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து எவ்வளவு திரும்பியது என்பது தெரியவே தெரியாது. கோட்லா ஆடுகளத்தில் பந்து மெதுவாக வரும், எழாது. நாள் ஆக ஆக இன்னும் தாழும். 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா இரண்டாம் இன்னிங்ஸில் 2 விக்கெட்டுக்கு 85 என்று நன்றாகத்தான் இருந்தது, 113-இல் சுருண்டது. தாழ்ந்து வருகிற பந்தைக் குறுக்கு மட்டையால் ஸ்வீப் அடிக்கப் போய் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஜடேஜாவுக்கு 42 ரன்னுக்கு 7 விக்கெட். பின்னாலிருந்து பார்த்தவனுக்குத்தான் அந்தப் பந்துகள் முழங்காலுக்குக் கீழே வழுக்கிப் போனது புரிந்திருக்கும்.

மெதுவாக நகரும் ஆட்டத்துக்கும் மனதைத் தயார் செய்துகொள். 2015 டிசம்பரில் தென் ஆப்பிரிக்கா தோல்வியைத் தள்ளிப்போட 143.1 ஓவர் ஆடி 143 ரன் எடுத்தது. ஆம்லா 244 பந்தில் 25, டிவில்லியர்ஸ் 297 பந்தில் 43. ஜடேஜா 46 ஓவர் வீசி 26 ரன்தான் கொடுத்தார், அதில் 33 மெய்டன், அதாவது ரன்னே கொடுக்காத ஓவர். டெஸ்டை நேசிக்கிறவனுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. சின்னவளுக்கு அலுக்கலாம். அவள் கையில் ஒரு பென்சிலும் ஸ்கோர் எழுதக் காகிதமும் கொடு. உள்ளே பேனா விடுவார்களா என்பது வாசலில் நிற்கும் காவலரைப் பொறுத்தது.

நம் பக்கத்துச் சுழல்பந்துக்காரர்களுக்கு அந்த மண் என்றைக்குமே கை கொடுத்திருக்கிறது. 1965 மார்ச்சில் நியூசிலாந்துக்கு எதிராக வெங்கட்ராகவன் 72 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தது அங்கேதான், அப்போது அவருக்கு 19 வயது. 2011 நவம்பரில் அஸ்வின் முதல் டெஸ்ட் ஆடியதும் அங்கேதான், ஆட்டத்தில் 9 விக்கெட், ஆட்ட நாயகன். 1999-இல் பாகிஸ்தான் வந்தபோது முதல் டெஸ்ட் டில்லியில் நடப்பதாக இருந்தது. ஜனவரியில் ஆடுகளத்தைச் சிலர் தோண்டிவிட்டதால் டில்லியையும் சென்னையையும் இடம் மாற்றினார்கள். சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதே, அந்த ஞாயிறு இப்படித்தான் நமக்குக் கிடைத்தது. சரியாக அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 7, சரிசெய்த டில்லி ஆடுகளத்தில் கும்ப்ளே 74 ரன்னுக்கு 10 விக்கெட்டையும் எடுத்தார். சின்னவளுக்கு இதை ரயிலிலேயே சொல்லிவிடு, மைதானத்துக்குள் நுழையும்போது எந்த மண்ணைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வாசல் கெடுபிடியைக் கேட்டிருந்தாய். பை, தண்ணீர் பாட்டில், வீட்டுச் சாப்பாடு, பவர் பேங்க், தீப்பெட்டி, கேமரா, கொடிக் கம்பு எதையும் விடமாட்டார்கள். சில்லறைக் காசைக்கூட வாங்கி வைத்துவிடுவார்கள், எறிவார்கள் என்ற பயம். வாசலில் கொடுத்த பொருள் திரும்பி வரும் என்று நம்பாதே. போன், ஆதார், டிக்கெட், நோட்டாகக் கொஞ்சம் பணம், துணித் தொப்பி, மாத்திரை எடுப்பவனானால் மருத்துவர் சீட்டோடு மாத்திரை, இவ்வளவு போதும். இணையத்தில் வாங்கிய டிக்கெட்டைக் காகித டிக்கெட்டாக மாற்ற வேண்டுமா என்று படித்துப் பார். மாற்ற வேண்டுமென்றால் முதல் நாளே போய் மாற்றிக்கொள், ஆட்டத்தன்று அந்த வரிசையில் நின்றால் முதல் ஒரு மணி நேரம் போய்விடும். எந்த கேட் என்பதையும் பார்த்து வை. தப்பான கேட்டுக்குப் போய்விட்டால் தடுப்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருவதற்குள் இரண்டு விக்கெட் விழுந்திருக்கும். ஆட்டம் 9.30-க்கு என்றால் 8.30-க்கு வாசலில் இரு. வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், சாப்பாட்டு இடைவேளையில் கோட்டையை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்காதே.

உடுப்பு விஷயத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுவார்கள். நவம்பர் கடைசி, டிசம்பரில் காலையில் சிமெண்ட் படியில் உட்கார முடியாத குளிர், பன்னிரண்டு மணிக்கு வெயில் சுடும், நாலு மணிக்கு மறுபடி குளிர். ஒரே கனமான ஸ்வெட்டர் உதவாது. உள்ளே பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் மெல்லிய ஜாக்கெட் என்று கழற்றிக் கழற்றிப் போடும்படி இருக்க வேண்டும். அங்கே அந்த மாதத்தில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், வெளிச்சம் போதாமல் கடைசி ஓவர்கள் நின்றுபோவதும் உண்டு.

புகையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. தீபாவளிக்குப் பிறகு காற்று அசையாது. குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொள்ள, வண்டிப் புகை, புழுதி, வயலில் நெல் தாள் கொளுத்தும் புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் அப்படியே நிற்கும். 2017 டிசம்பரில் இலங்கை வீரர்கள் முகமூடியோடு ஃபீல்டிங் செய்தார்கள், ஆட்டம் இடையிடையே நின்றது. உனக்கு இழுப்பு உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: என்-95 முகமூடி நாளுக்கு ஒன்று வீதம் இங்கேயே வாங்கிக்கொண்டு போ. நீல நிறத் துணி முகமூடி அந்த நுண்தூசியைத் தடுக்காது. காற்று மாசைக் காட்டும் தரக் குறியீடு 300-ஐத் தாண்டிய நாளில் காலை நடையை விட்டுவிடு. அக்டோபர் தொடக்கமோ பிப்ரவரி கடைசியோ டெஸ்ட் அமைந்தால் இந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

ஊரைப் பற்றி. கோட்டை இடிபாட்டை ஆட்டத்துக்கு முதல் நாளே பார்த்துவிடு, ஆட்டத்தன்று அந்தப் பக்கம் போலீஸ் தடுப்பு இருக்கும். படிப்படியாக உயரும் கட்டடத்தின் உச்சியில் 13 மீட்டர் உயர அசோகர் தூண் நிற்கிறது. தோப்ரா என்ற ஊரிலிருந்து அதைப் பெயர்த்தபோது இலவம் பஞ்சை மலையாகக் குவித்து அதன் மேல் சாய்த்து, நாணலும் பச்சைத் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகு கட்டிக் கொண்டுவந்தார்கள். 1837-இல் ஆங்கிலேய அறிஞர் பிரின்செப் வாசித்த, பிராமி என்ற பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. கீழடியில் பானை ஓட்டுக் கீறல்களைப் பார்த்தவள் சின்னவள், இந்த எழுத்தின் படத்தைப் போனில் வைத்து ஒப்பிடச் சொல். வியாழக்கிழமை போக முடிந்தால் அதையே தேர்ந்தெடு. அன்று ஜின்களுக்கு மனு எழுதி, மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போக ஜனம் வரும். புகைப்படம் எடுக்காமல் ஓரமாக நின்று பார்.

மைதானத்துக்கு வெளியே சாலையில் கூனி தர்வாஜா என்ற பழைய வாசல் தனியாக நிற்கும். 1857 செப்டம்பரில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவின் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் ஆங்கிலேய அதிகாரி ஹாட்சன் சுட்டுக் கொன்ற இடம். அந்தச் சாலைக்கே பகதூர் ஷா ஜாபர் பெயர்தான்.

ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் மிச்ச நாளுக்கு இதைக் கணக்கில் வை: திங்களன்று செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் மூடியிருக்கும், வெள்ளியன்று தாஜ்மகால் மூடியிருக்கும். ஹுமாயூன் கல்லறை எல்லா நாளும் உண்டு. ஞாயிறு காலை என்றால் டில்லி கேட் நிலையத்துக்குப் பக்கத்தில் மகிளா ஹாட்டில் பழைய புத்தகச் சந்தை கூடும், கிரிக்கெட் புத்தகங்களைத் தேடிப் பார். சாப்பாட்டுக்கு ஜாமா மசூதி அருகே 1913 முதல் நடக்கும் கரீம்ஸ். சைவம் வேண்டுமானால் ஆந்திர பவன் கேன்டீனில் நம் மனதுக்குப் பிடித்த சாப்பாடு கிடைக்கும், மதியம் கூட்டம் அதிகம்.

குளிர்காலமென்றால் சாந்தினி சௌக் சந்துகளில் காலையில் தௌலத் கி சாட் விற்கும். இரவுப் பனியில் வைத்த பாலைக் கடைந்து எடுத்த நுரை அது. வெயில் ஏறினால் உட்கார்ந்துவிடும் என்பதால் காலையிலேயே போய்விடு.

தேதி முடிவானதும் எழுது. டிக்கெட் வாங்கும் முன் இருக்கை வரைபடத்தை எனக்கு அனுப்பு, எந்த வரிசை என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்