சேகருக்கு: அந்த 5998-ஐ இப்போது வாங்காதே

கோவை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மற்றதெல்லாம் நேரில் பேசலாம். இப்போது அவசரம் உன் டியூப் ஆம்ப்தான், அந்த வெற்றிடக் குழாய் வைத்த ஹெட்போன் பெருக்கி. கடைசி வரியில் போகிறபோக்கில், "இந்த வாரம் ஒரு 5998 ஆர்டர் போடப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய், ஆம்பின் பின்னால் நிற்கிற டியூப்புக்கு மாற்றாக. போடாதே. இடது காதில் உறுமுகிற ஆம்புக்கு விலை கூடின டியூப் வாங்குவது, ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே புது மெத்தை விரிக்கிற கதை.

உன்னிடம் இருப்பது ஓடிஎல் வகை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. முன்னால் நிற்கிற 6எஸ்என்7 சிக்னலைப் பெருக்குகிறது; பின்னால் நிற்கிற 6ஏஎஸ்7ஜி கேத்தோடு ஃபாலோயராக, அதாவது வோல்டேஜைப் பெருக்காமல், ஹெட்போனுக்குக் கரண்ட் கொடுக்கிறது. இரண்டுமே இரட்டை டிரையோடு, அதாவது கேத்தோடு, கிரிட், பிளேட் என்ற மூன்று முனைத் தொகுதி இரண்டு. ஒரே கண்ணாடிக்குள் ஒரு பாதி இடது காதுக்கு, இன்னொரு பாதி வலது காதுக்கு.

பவர் சப்ளையோ இரண்டு காதுக்கும் பொது. ஃபில்டர் கெபாசிட்டர் வற்றிப்போயிருந்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் இரண்டு காதிலும் வரும், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்கும். உனக்கு இடதில் மட்டும், அதுவும் மெத்தென்று அடித்தொண்டையில் கேட்கிறது என்கிறாய். அது 50 ஹெர்ட்ஸ். ஹீட்டருக்கு, அதாவது கேத்தோடைச் சூடாக்குகிற இழைக்கு, ஏசி கொடுக்கிற ஆம்பில், பழைய டியூப்பின் ஒரு பாதியில் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவே கசிவு வந்தால் இப்படித்தான் கேட்கும். என் சந்தேகம் 6எஸ்என்7 மேல்.

சோதிக்கிற வரிசை இது. முதலில் ஹெட்போனின் இரண்டு கப்பிலும் செருகியிருக்கிற வயர்களை இடவலம் மாற்றிச் செருகு. உறுமல் வலது காதுக்குப் போனால் ஹெட்போன் மேல் பழியில்லை. அடுத்து, ஆம்பை அணைத்துவிட்டுப் பின்னாலிருக்கிற ஆர்சிஏ வயர் (பாட்டு உள்ளே வருகிற வயர்) இரண்டையும் உருவிவிட்டு, மறுபடி ஆம்பை ஆன் செய். உறுமல் நின்றுவிட்டால் அது கம்ப்யூட்டரோடு சேர்ந்த கிரவுண்ட் லூப் (எர்த் இரண்டு வழியில் சேர்வதால் வருகிற உறுமல்), டியூப்பைத் தொடவே வேண்டாம். நிற்கவில்லையா, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு போ. அப்போதும் அதே அளவில் இருந்தால் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால்தான் கோளாறு. இப்போது ஒரு சாதாரண 6எஸ்என்7-ஐப் போட்டுப் பார். சோவியத் காலத்து 6என்8எஸ் போதும், மின்சாரத்தில் அதுவும் இதுவும் ஒன்றுதான். நீ நினைப்பது போல 5998 இதற்கு மருந்தில்லை, அது போகிற இடமே பின்னால் இருக்கிற 6ஏஎஸ்7ஜி சாக்கெட்.

சாக்கெட் என்றதும் ஒரு எச்சரிக்கை. 6எஸ்என்7, 6ஏஎஸ்7ஜி இரண்டுக்கும் எட்டுப் பின் ஆக்டல் அடி, பின்களின் வரிசையும் அச்சாக ஒன்றே: 7, 8 ஹீட்டர், 3, 6 கேத்தோடு, 2, 5 பிளேட், 1, 4 கிரிட். ஆகவே ஒன்றை மற்றதன் இடத்தில் செருகினால் தடையே இல்லாமல் உள்ளே போய்விடும். ஆனால் 6எஸ்என்7 ஹீட்டர் 0.6 ஆம்பியர் கேட்கும், 6ஏஎஸ்7ஜி கேட்பது 2.5 ஆம்பியர். பின்னால் இருக்கிற சாக்கெட்டில் 6எஸ்என்7 போய் உட்கார்ந்தால் அங்கே ஓட வேண்டிய கரண்ட் அதன் அளவுக்கு மீறியது, டியூப் கெடலாம். தூசு தட்டுகிறேன் என்று இரண்டையும் சேர்த்துக் கழற்றாதே. சாக்கெட் பக்கத்தில் பேனாவால் பெயர் எழுதி ஒட்டிவிடு.

கழற்றுவதிலும் பக்குவம் உண்டு. அணைத்துப் பத்து நிமிஷமாவது ஆறவிடு. கண்ணாடியைப் பிடித்து இழுக்காதே. கீழே இருக்கிற கறுப்பு அடியைப் பிடித்து, லேசாக இப்படியும் அப்படியும் அசைத்து, நேர் மேலே தூக்கு. பழைய டியூப்பில் கண்ணாடியை அடியோடு ஒட்டின பசை காய்ந்து, தலை தனியாகச் சுற்றும். சுற்றவிட்டால் உள்ளே வருகிற வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுவிடும். நடுவிலுள்ள பிளாஸ்டிக் சாவி உடைந்த டியூப்பையும் வாங்காதே, அது எந்தத் திசையிலும் உள்ளே போகும்.

பழைய ஆக்டல் டியூப்பில் "விட்டு விட்டு வருகிறது, தட்டினால் சரியாகிறது" என்ற நோய்க்குப் பாதி நேரம் காரணம் டியூப்பே இல்லை. டியூப்பின் அடியிலிருக்கிற ஒவ்வொரு பின்னும் உள்ளீடற்ற குழாய். உள்ளிருந்து வருகிற வயரை அதன் நுனியில் ஈயம் வைத்துப் பிடித்திருப்பார்கள். ஐம்பது அறுபது வருஷத்தில் அந்த ஈயம் மங்கி, விரிசல் விட்டுவிடும். டியூப்பைப் பின் கீழே தொங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு, பின் நுனியில் சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று விநாடி வைத்து, ஒரு சொட்டுப் புது ஈயம் காட்டு. அது உள்ளே உறிஞ்சிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். வெளியே வழிந்ததை வழித்துவிடு, பின் தடித்துப்போனால் சாக்கெட்டின் பிடியை விரித்துவிடும். அதற்குப் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பின்னைத் துடை. உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

டியூப் கையில் வந்ததும் கண்ணால் பார்க்க வேண்டியது கெட்டர், அதாவது உள்ளே வெள்ளிக் கண்ணாடி மாதிரி பளபளக்கிற பூச்சு. அது பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, குப்பைக்குத்தான். ஓரம் பழுப்பாவது பெரிய குற்றமில்லை. அப்புறம் மல்டிமீட்டரில் 7-க்கும் 8-க்கும் நடுவே ஓம் பார். குளிர்ந்த நிலையில் 6எஸ்என்7 ஒன்றிலிருந்து மூன்று ஓம் காட்டும், 6ஏஎஸ்7ஜி ஒரு ஓமுக்கும் கீழே. எதுவும் காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்தது, அல்லது நான் சொன்ன அந்த ஈயம். ஓடும்போது கண்ணாடியின் உட்சுவரில் நீலம் படர்ந்தால் பயப்படாதே. பிளேட்டுக்கு நடுவில் ஊதாவோ ரோஸோ நிரம்பினால் உள்ளே வாயு இருக்கிறது என்று அர்த்தம், உடனே அணை.

டியூப் மாற்றியும் இடது உறுமல் போகவில்லை என்றால்தான் ஆம்பைத் திறக்க வேண்டும். உள்ளே 170 வோல்ட்டுக்குக் குறையாமல் டிசி இருக்கும், பிளக்கை உருவின பிறகும் கெபாசிட்டரில் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்டு வைத்துக்கொள். பிளக்கை உருவி, கெபாசிட்டரின் பிளஸ்ஸுக்கும் சேசிஸுக்கும் (ஆம்பின் உலோக உடல்) நடுவே அதைக் கால் நிமிஷம் பிடி. 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் பத்துப் பன்னிரண்டு விநாடியில் காலியாகிவிடும். பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விரலை வை. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கிற பழக்கத்தை விட்டுவிடு. பொறி பறக்கும், கெபாசிட்டரும் கெடும்.

உள்ளே பார்க்க வேண்டிய முக்கிய அளவு 6ஏஎஸ்7ஜி-யின் இரண்டு கேத்தோடு வோல்டேஜ். பவர் இல்லாதபோதே மீட்டரின் கறுப்பு வயரைச் சேசிஸிலும், சிவப்பை 3-ஆவது பின்னிலும் கிளிப்பால் மாட்டு. கையை எடுத்துவிட்டு ஆன் செய், இரண்டு நிமிஷம் கழித்துப் படி. அணைத்து, காலி செய்து, 6-ஆவது பின்னுக்கு மாற்று. கேத்தோடு ரெசிஸ்டர் 3 கிலோ ஓம், வோல்டேஜ் 100 என்றால் ஓடுவது 33 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் எரிவது 3.3 வாட். அங்கே 10 வாட் ரெசிஸ்டர் போடுவது இதனால்தான். 5 வாட் போட்டிருந்தால் பக்கத்திலிருக்கிற போர்டு கருகியிருக்கும், பார். இரண்டு பக்கமும் பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசப்பட்டால் முதலில் டியூப்பை மாற்றிப் பார். அப்புறமும் அப்படியே இருந்தால் ரெசிஸ்டர்.

இங்கே 6ஏஎஸ்7ஜி-க்காகவும் கொஞ்சம் வாதாடியாக வேண்டும். அது பாட்டுக்காகப் பிறந்த டியூப் இல்லை. பவர் சப்ளை ரெகுலேட்டருக்காக, அதாவது வோல்டேஜை நிலையாக வைக்கிற வேலைக்காகச் செய்தது. பெருக்கம் வெறும் 2, உள் தடை 280 ஓம். ரெகுலேட்டரில் இரண்டு பாதியும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை, அதனால் ஒத்துப்போகாத டியூப்புகள்தான் அதிகம். ஒரு பக்கம் சத்தம் குறைகிறது என்று பலர் புலம்புவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வால்யூம் குமிழ். ஆரம்பத்தில் இரண்டு தடமும் ஒத்து ஓடாது. கூட்டினால் சமமாகிவிட்டால் குமிழின் வேலை. எவ்வளவு கூட்டினாலும் சரிவு அப்படியே இருந்தால் டியூப்பின் வேலை.

இனி உன் 5998. டங்-சோல் செய்த நல்ல டியூப்தான், ஹீட்டரும் 2.4 ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாரம் கூடாது. அதன் பெருக்கம் ஐந்துக்கும் மேலே. கேத்தோடு ஃபாலோயரிலும் அந்த வித்தியாசம் தெரியும்: 300 ஓம் ஹெட்போனில் இரண்டு மூன்று டெசிபெல் சத்தம் கூடும், அவுட்புட் தடையும் ஏறத்தாழப் பாதியாகும். மூன்று டெசிபெல் கூடினாலே "மேடை விரிந்தது, பேஸ் இறுகியது" என்று நம் காது சாட்சி சொல்லும். ஆகவே ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்து. போனில் 200 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியபடியே ஜாக்கில் ஏசி வோல்டேஜைப் பார். இரண்டு டியூப்புக்கும் ஒரு சதவீதத்துக்குள் வரும்படி வால்யூமை வை. 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் 400-க்கு மேல் பொய் சொல்லும். இதைச் செய்த பிறகும் வித்தியாசம் கேட்டால் தாராளமாக வாங்கு, நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒலியின் குணம் மாற வேண்டுமென்றால் என் ஓட்டு முன் டியூப்புக்கே. பெருக்கம் முழுவதும் அங்கே நடக்கிறது, விலையும் குறைவு. சில்வேனியா, ஆர்சிஏ பழையவை, சோவியத் 6என்8எஸ், புதிதாக ஜேஜே, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் எல்லாம் அப்படியே உட்காரும். பிரிட்டிஷ் ஈசிசி32 மட்டும் 0.95 ஆம்பியர் கேட்கும், டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்காமல் போடாதே. 12எஸ்என்7 மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஹீட்டர் 12.6 வோல்ட், உன் ஆம்பில் அரைச் சூட்டில் அழும். 6எஃப்8ஜி உள்ளே அதே டியூப்தான், ஆனால் தலையில் ஒரு தொப்பி முனை இருக்கும், அடாப்டர் வேண்டும். பென்சிலால் மெல்லத் தட்டும்போது மணி மாதிரி ரீங்காரம் நீண்டால் அந்த டியூப் மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வையே சத்தமாக்குகிற டியூப். சிலிக்கோன் வளையம் மாட்டினால் குறையும், போகாது.

உன் மகன் 32 ஓம் ஹெட்போனை அதில் மாட்டிவிட்டு "பேஸே இல்லை" என்றானாமே. அவன் காது சரி. அவுட்புட்டில் 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இருந்தால், 300 ஓமில் கீழெல்லை 5 ஹெர்ட்ஸ், 32 ஓமில் அதுவே 50 ஹெர்ட்ஸ். கூடவே ஆம்பின் சொந்தத் தடை நூறு ஓமுக்கு மேல். இதற்கு எந்த டியூப்பும் மருந்தில்லை. உன் சென்ஹைசர் எச்டி 600-க்கும் பேயர்டைனமிக் 600 ஓம் மாடலுக்கும்தான் இது பொருந்தும். அவனுக்குச் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று வாங்கிக்கொடு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆன் செய்யாதே. அந்தக் கெபாசிட்டர் நிரம்பும்போது வருகிற உதை ஹெட்போனுக்குள் அதிர்கிற டயாஃப்ரத்தில் போய் விழும். ஒரு நிமிஷம் கழித்து மாட்டு. மாட்டுவதற்கு முன் ஜாக்கில் டிசி எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடு: சில மில்லிவோல்ட் என்றால் சரி, வோல்ட்டில் காட்டினால் கெபாசிட்டர் கசிகிறது.

பின்னால் வோல்டேஜ் 220 என்று எழுதியிருக்கிறது என்றாய். ராத்திரியில் உங்கள் லைன் 240 போனால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.87 போகும்; வழக்கமாகச் சொல்கிற பத்து சதவீதத்தின் விளிம்பு. டிரான்ஸ்ஃபார்மரில் 230 அல்லது 240 டேப் (அந்த வோல்டேஜுக்கான இணைப்பு முனை) இருக்கிறதா பார், இருந்தால் மாற்றிவிடு. மூன்று பின் பிளக்கின் எர்த்தை அந்த இரண்டு பின் அடாப்டர் போட்டு வெட்டியிருக்கிறாயே, அதை இன்றைக்கே தூக்கி எறி. இரும்புச் சேசிஸ், உள்ளே 170 வோல்ட்.

6என்8எஸ் இரண்டு என்னிடம் சும்மா இருக்கிறது, பஞ்சு சுற்றிப் பார்சலில் அனுப்புகிறேன். வந்ததும் மாற்றிப் பார்த்துவிட்டு, உறுமல் போனதா, 3-இலும் 6-இலும் எத்தனை வோல்ட் என்று எழுது.

உன்,
ராமு