இரண்டு நாள் செட்டிநாடு: மகளுக்கு ஒரு கடிதம்

கானாடுகாத்தான்

அன்புள்ள மகளுக்கு,

உன் சுற்றுலா நிறுவனத்துக்காக நீ போட்டு அனுப்பிய பயணத் திட்டத்தை நானும் அப்பாவும் படித்தோம். முதல் நாள் நம்ம ஊர் வீடுகள், ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற பூக்கல் செய்வதைப் பார்ப்பது, ராத்திரி ஒரு பெரிய வீட்டில், அந்த வீட்டுச் செட்டியார் குடும்பத்து மூத்த பெண்ணான ஆச்சி கையால் சாப்பாடு. மறுநாள் பிள்ளையார்பட்டி, காரைக்குடியில் பழம்பொருள் கடைகள், கண்டாங்கிச் சேலை. தை மாதம் வருகிறவர்களுக்கு நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலும் உண்டு. இதில் மூன்று காரியத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாய். சமைத்துப் போட ஓர் ஆச்சி வேண்டும், ஆத்தங்குடியில் ஒரு பட்டறை வேண்டும், பொங்கல் அன்று பானைகளுக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க இடம் வேண்டும்.

போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. சுற்றுலா வந்ததால்தான் நம்ம ஊரில் சில வீடுகள் இடியாமல் நிற்கின்றன. பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, முற்றத்தில் ஆலங்கன்று முளைத்த வீடுகளைச் செப்பம் செய்து விடுதியாக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பு அரைத்துச் சுவர் பூசத் தெரிந்த கொத்தனாருக்கு மறுபடி வேலை கிடைத்தது. பனையோலைக் கொட்டான் முடைகிற பெண்களுக்கு வெளியூரிலிருந்து ஆர்டர் வருகிறது. 2019இல் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே நெசவுக்காரர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று உனக்கே தெரியும். இதெல்லாம் நல்லதுதான், மறுக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. வெனிஸ் நகரத்தைப் பற்றி நீதான் ஒருமுறை சொன்னாய். 1950களில் அதன் பழைய நகரப் பகுதியில் 1,75,000 பேர் அளவில் இருந்தார்கள், 2022இல் அது 50,000க்கும் கீழே போய்விட்டது. குடியிருந்த வீடுகள் பயணிகளுக்கு வாடகைக்குப் போயின, மளிகைக் கடைகள் நினைவுப்பொருள் கடைகளாயின. 2024இல் கூட்டம் அதிகமான நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். பார்சிலோனாவில் சுற்றுலா வாடகை வீடுகளுக்கான உரிமங்களை 2028க்குள் முடித்துவிடுவோம் என்று மேயரே அறிவித்தார். அங்கெல்லாம் பயணிகள் பெருகினார்கள், ஊர்க்காரர்கள் வெளியேறினார்கள்.

இங்கே நடந்தது தலைகீழ். ஆட்கள் முதலில் போய்விட்டார்கள், பயணிகள் அப்புறம்தான் வந்தார்கள். அதனால் உங்கள் துறையில் எல்லாரும் ஒன்றைச் சொல்கிறார்கள்: காலியாகக் கிடக்கிற ஊர்தானே, யாருக்கு என்ன தொந்தரவு? போன வருஷம் இங்கே வந்த ஒரு நிறுவனத்துக்காரர் என் எதிரிலேயே அப்படித்தான் பேசினார். ஊர் காலியாக இல்லை, தாயி. வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டைக் காவல் காக்கிறவர், வாசல் தெளிக்கிற பெண், டீக்கடைக்காரர், கோயில் குருக்கள், பட்டறைத் தொழிலாளி, பென்ஷன் வாங்கிக்கொண்டு இருக்கிற எங்களைப் போன்றவர்கள், பிள்ளைகளோடு போக மனமில்லாமல் தங்கிவிட்ட சில ஆச்சிமார் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். ஒரு வீட்டை விடுதிக்குக் குத்தகை விடுவதென்றால் பங்காளிகள் எல்லாரும் கூடிப் பேசிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பேச்சில் தெருவில் குடியிருக்கிறவர்களுக்கு இடம் கிடையாது. அதற்கப்புறம் வரும் நல்லது கெட்டது இரண்டும் தெருக்காரர்கள் தலையில்தான்.

தண்ணீரையே எடுத்துக்கொள். நம்முடையது வறண்ட சீமை. கூரையில் விழுந்த மழைகூட வீட்டின் நடுவில் இருக்கிற வளவு முற்றத்தில் இறங்கி, தெரு வடிகால் வழியாக ஊரணிக்குப் போய்ச் சேரும்படிதான் இந்த ஊர்களைக் கட்டியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஒன்று விடுதியானதும் பின்கட்டில் நீச்சல் குளம் வெட்டுகிறார்கள், ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். சித்திரையில் நம் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது உனக்குத் தெரியாததல்ல. இந்த வீடுகளைக் காட்டும்போது அவற்றைக் கட்டினவர்களின் தண்ணீர்ப் புத்தியைப் புகழ்கிறோம். அந்தப் புத்திக்கு நேர் எதிராக அதே வீட்டில் ஒரு குளம். எனக்கு இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நீ விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அறை வாடகைக்கு முன்னால் இதைக் கேள்: தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், ஊரணி தூர்வார என்ன கொடுத்தீர்கள்?

வேலை கொடுக்கிறார்கள் என்பதும் பாதி உண்மைதான். பாத்திரம் கழுவவும், அறை பெருக்கவும், ராத்திரிக் காவலுக்கும் நம்ம ஊர் ஆட்கள். மேலாளரும் கணக்கரும் வெளியூர். மார்கழி, தை, மாசியில் வேலை இருக்கும். வெயில் ஏறினால் ‘அடுத்த சீசனுக்குக் கூப்பிடுகிறோம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். காய்கறி லாரியில் மொத்தக் கடையிலிருந்து வருகிறது. கேரளத்தில் குமரகத்தில் 2008 வாக்கில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். விடுதிகள் தங்களுக்கு வேண்டிய காய்கறியை குடும்பஸ்ரீ என்கிற உள்ளூர் மகளிர் குழுப் பெண்களிடமும் விவசாயிகளிடமும் வாங்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். பஞ்சாயத்தும் அதில் பங்கெடுத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நம் பக்கத்தில் கத்தரியும் அவரையும் விளையாதா?

சரி, ஆத்தங்குடி. பட்டறை ஏற்பாடு செய்கிறேன், ஆனால் உன் திட்டத்தில் இருக்கிற மாதிரி அல்ல. பூக்கல் செய்வதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்கி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து அழுத்துவார்கள். காய வைத்து, தண்ணீரில் ஊற வைத்து எடுத்தால் கண்ணாடி பட்ட பக்கம் தானாகவே வழவழவென்று இருக்கும். அச்சைத் தூக்கும்போது கை ஆடினால் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும், அந்தக் கல் வீண். பெரும்பாலும் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, ‘மறுபடி ஒருதரம் செய்து காட்டுங்கள், வீடியோ எடுக்க வேண்டும்’ என்றால் அவருக்கு எத்தனை கல் போகும்? பயணிகள் கல் வாங்கினால் கூட்டி வந்த டிரைவருக்குக் கமிஷன் உண்டு. செய்து காட்டினவருக்குக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதனால் நான் பேசப் போவது இப்படி. செய்து காட்டுவதையும் வேலையாகக் கணக்கிட்டு, அந்த நேரத்துக்குக் கூலியை உன் நிறுவனம் நேரடியாகத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். நேரத்தை அவர் சொல்வார். இதற்கு உன் அதிகாரிகள் ஒத்துக்கொண்டால் நாளைக்கே நான் ஆத்தங்குடிக்குப் போகிறேன்.

ஆச்சி விஷயம் இதைவிடக் கஷ்டம். நீ யாரை மனதில் வைத்து எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறவர், வெள்ளைப் பணியாரமும் கும்மாயமும் அவர் கைக்கு ஈடில்லை. போன மார்கழியில் ஒரு கூட்டம் அவர் வீட்டு முகப்பைப் பார்க்கக் கேட்டார்கள், சரி என்றார். முகப்பு தாண்டி, வளவு தாண்டி, இரண்டாம் கட்டுக்கே வந்துவிட்டார்கள். தலை குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டு இருந்தவரைக் கேட்காமல் படம் எடுத்தார்கள். முன்னோர்க்குப் படைப்புப் போடுகிற அறையில் செருப்போடு நின்றார்கள். கூட்டி வந்தவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அன்றிலிருந்து ஆச்சி பகலிலும் முன் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறார். திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசுகிற பழக்கமே போய்விட்டது. அவரிடம் போய் வெளியாட்களுக்குச் சமைத்துப் போடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். சமையல்தான் வேண்டுமென்றால், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் தொழில். கூலி பேசி, அவர்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் சமையல் என்றே பரிமாறலாமே. ஆச்சி என்று வேஷம் போட வைக்க வேண்டியதில்லை.

செவ்வாய்ப் பொங்கலுக்கு என்னிடம் கேட்காதே. பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் நகரத்தார் என்கிற செட்டியார் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்து கூடுகிறார்கள். முதல் பானை யாருக்கு என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். சொந்தம் பார்க்கிறார்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஓரமாக நின்று பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பானைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுக்க நானும் அவர்களில் ஒருத்தி இல்லை, நீயும் இல்லை. அதைக் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டியவர்கள் அவர்கள்தான். வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு அதை நாம் வாக்குக் கொடுப்பது நியாயமில்லை.

பழம்பொருள் கடைகளை எடுத்துவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் அங்கே நிற்கிற தேக்குத் தூணும் நிலைக்கதவும் எங்கிருந்து வந்தவை? காலையில் நீ காட்டுகிற வீட்டைப் போன்ற ஒரு வீடு இடிந்து, சாயங்காலம் நீ காட்டுகிற கடைக்கு வந்திருக்கிறது. வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் பிரித்து விற்பதுதான் லாபமாக இருக்கும். அந்த நேரத்தைக் கொட்டான் முடைகிற இடத்துக்கும் தறிக்கும் கொடு.

வீடுகளைப் பற்றி நீங்கள் சொல்கிற கதையிலும் எனக்குக் குறை உண்டு. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினவள் இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று அடுக்குகிறீர்கள். அந்தப் பணம் பர்மாவில் எப்படி வந்தது என்று சொல்வதில்லை. 1930இல் உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. இந்த வீடுகளைக் கட்டின செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு, 1938இல் 25 விழுக்காடு. நிலத்தைப் பிடுங்குவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை, வட்டித் தொழிலுக்கு ரொக்கம்தான் வேண்டும். ஆனாலும் நிலமிழந்தவர்களின் கோபம் அவர்கள் மேல்தான் திரும்பியது. 1942இல் ஜப்பான் படை வந்தது, கிடைத்த வழியில் ஓடி வந்தார்கள். பர்மா விடுதலையானதும் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. இந்த வீடுகள் காலியானதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். இதைச் சொன்னால் பயணிகள் வருத்தப்படுவார்கள் என்று நினைக்காதே. இதைக் கேட்டுப் போகிறவர்தான் வீட்டை உண்மையில் பார்த்தவர். அப்புறம், சுண்ணாம்பை அரைத்தவர்கள் யார், தேக்கை இழைத்த ஆசாரிகள் யார் என்றும் ஒரு வரி சேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னமும் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அங்கீகாரம் கிடைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று இங்கே பலருக்கு நம்பிக்கை. எனக்கும் ஆசைதான். கூடவே கர்நாடகத்து ஹம்பி ஞாபகமும் வருகிறது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1986இல் அறிவிக்கப்பட்ட இடம். 2011இல் பழைய கடைவீதி மண்டபங்களில் குடியும் கடையுமாக இருந்த 300க்கும் மேற்பட்ட குடும்பங்களை அப்புறப்படுத்தி இடித்தார்கள். கல்லைக் காப்பாற்றுவதற்காக அதை ஒட்டி வாழ்ந்தவர்களை எடுத்துவிட்டார்கள். நம் ஊருக்கு அப்படி ஒன்று வராமல் இருக்க வேண்டுமென்றால், இங்கே இருக்கிறவர்களைக் கேட்டுச் செய்கிற பழக்கம் இப்போதே, உன்னுடையதைப் போன்ற சின்னத் திட்டங்களிலேயே வர வேண்டும். உன்னிடம் இவ்வளவு கறாராகப் பேசுவது அதற்காகத்தான். நீ இந்தத் தெருவில் வளர்ந்தவள், நீ கேட்டால் ஆட்கள் மனசு விட்டுப் பேசுவார்கள்.

உன் திட்டத்தைத் தமிழில் அடித்து ஒரு பத்துப் பிரதி அனுப்பு. எத்தனை பேர் வருவார்கள், ஒருவரிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள், அதில் ஊருக்கு எவ்வளவு தங்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து உறுப்பினரையும் கொட்டான் முடைகிற பெண்களையும் நம் தெருக்காரர்களையும் வீட்டுக்கு வரச் சொல்கிறேன். அவர்கள் எதற்குச் சரி என்கிறார்கள், எதற்கு வேண்டாம் என்கிறார்கள் என்று அப்பா குறித்து வைத்து அனுப்புவார். முடிந்தால் அன்றைக்கு நீயே வந்துவிடு. சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இங்கே இருக்கலாம்.

அன்புடன்,
அம்மா