சொந்த ஆப் கேட்ட மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும், உன் ஏசி, வயரிங் சர்வீஸ் தொழிலுக்குச் சொந்த ஆப் எழுத வாங்கி அதோடு வைத்திருந்த கொட்டேஷனும் வந்து சேர்ந்தன. பொங்கலுக்கு மதுரை வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வீட்டில் ஆள் வேண்டும் என்பதால் கோவையை விட்டு நகர முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். டிவியில் அடியில் ஓடும் எழுத்தைக்கூடப் படித்துச் சொல்கிறாள். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்புறம், ஆபீஸ் பொறுப்பைத் தங்கச்சி முழுசாக எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். ஃபோனை எடுப்பதும் ஆளைப் பிரித்து அனுப்புவதும் அவள்தானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொட்டேஷனை வரி வரியாகப் படித்தேன். வாடிக்கையாளருக்கு ஆண்ட்ராய்டு ஆப், ஐபோன் ஆப், மெக்கானிக் வரும் வழியை மேப்பில் காட்டுவது, வாலட், ரிவார்டு பாயின்ட், ஸ்டார் ரேட்டிங் என்று நான்கு பக்கம். உன் பையன்கள் கையில் வைத்து வேலை செய்யப்போகும் ஆப்புக்குக் கடைசியில் இரண்டே வரி. நான் சொல்வது இதுதான்: அந்த நான்கு பக்கத்தை ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்து நான்கு பக்கமாக எழுது. உனக்கு வேண்டியது அதுதான்.

உன் வாடிக்கையாளர் வருஷத்துக்கு இரண்டு தடவை ஏசி சர்வீஸுக்குக் கூப்பிடுவார். நடுவில் ஒரு தடவை மோட்டாரோ வயரிங்கோ மக்கர் பண்ணினால் கூப்பிடுவார். இதற்காக ஒரு ஆப்பை இறக்கி, ஓடிபி போட்டு, ஃபோனில் வருஷம் முழுக்க வைத்திருக்க மாட்டார். அர்பன் கம்பெனி மாதிரி வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் 2014-ல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கி, பெரிய முதலீட்டாளர்களின் பணத்தோடு வளர்ந்தவர்கள். முடி வெட்டுவது முதல் தச்சு வேலை வரை ஒரே ஆப்பில் இருப்பதால் ஜனங்கள் அதை வைத்திருக்கிறார்கள். அது சந்தை. உன்னுடையது ஒரு கான்ட்ராக்டரின் பெயர். திருநகரிலும் கே.கே.நகரிலும் உன்னைக் கூப்பிடுகிறவர்கள் உன் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாட்ஸ்ஆப் பிசினஸ் போதும். நேரத்தை உறுதி செய்ய ஒரு மெசேஜ், பில்லுக்கு ஒரு மெசேஜ், அடுத்த சர்வீஸை நினைவுபடுத்த ஒரு மெசேஜ்.

அமெரிக்காவில் சர்வீஸ்டைட்டன் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. வீட்டு வேலை கான்ட்ராக்டர்களின் மகன்கள் இரண்டு பேர், தங்கள் அப்பாக்கள் ஆபீஸ் வேலையில் படும் பாட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்த மென்பொருள் அது. 2024 டிசம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கே போய்விட்டது. அவர்கள் பிடித்த இடம் கான்ட்ராக்டரின் மேசையும் அவர் ஆட்களின் வண்டியும். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது இதுதான்.

இங்கே கோவையில் நான் மென்பொருள் எழுதிக்கொடுக்கும் ஒரு ஏசி சர்வீஸ் கடையின் பையன்களோடு கணபதி, சிங்காநல்லூர் பக்கம் கூடவே போய்ப் பார்த்தேன். உச்சி வெயிலில் மொட்டை மாடி. அவுட்டோர் யூனிட் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்குகிறது. கை முழுக்க ஈரம், ஃபோன் திரை வெயிலில் தெரியவே மாட்டேன் என்கிறது. அந்த நிலையில் ஒரு பையன் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு, “அண்ணே, இந்த மிஷினுக்குப் போன வருஷம் கெபாசிட்டர் மாத்தினது யாரு? எத்தனை மைக்ரோஃபாரட் போட்டீங்க?” என்று கேட்கிறான். பதில் தெரிந்தவன் அப்போது வேறொரு வீட்டில் ஏணி மேல் நிற்கிறான். ஆப் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலே போட்ட பணத்தில் பாதி எடுத்த மாதிரி.

ஏசியைக் குளிர வைக்கும் கேஸ் விஷயத்தை எடுத்துக்கொள். பழைய மிஷின்களில் ஆர்-22, நடுவில் வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது வரும் இன்வெர்ட்டர் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஏற்ற முடியாது என்பது உனக்குத் தெரியும். ஆர்-410ஏ இரண்டு வாயுக்கள் கலந்தது, திரவமாகவே ஏற்ற வேண்டும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, குழாயைக் காலி செய்து நைட்ரஜன் விட்ட பிறகுதான், குழாயைச் சூடாக்கி ஒட்டும் பிரேசிங்குக்கு டார்ச்சைக் கொண்டுபோக வேண்டும். வேலைக்குக் கிளம்பும்போதே திரையில் பெரிய எழுத்தில் கேஸ் வகை தெரிந்தால், பையன் சரியான சிலிண்டரோடு கிளம்புவான். வில்லாபுரத்திலிருந்து ஒத்தக்கடைக்குப் போய், சிலிண்டர் மாறிவிட்டது என்று திரும்பி வருவதில் போகும் பெட்ரோலும் நேரமும் நீ கணக்குப் பார்க்காத நஷ்டம். புதுப் பையன்களுக்கு அந்தத் திரை ஒரு பாதுகாப்பும்கூட.

இதற்கு அடித்தளம் ஒன்று இருக்கிறது. ஆப் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது அங்கேதான். கொட்டேஷனில் வாடிக்கையாளர் என்று ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. ஃபோன் நம்பர்தான் அதன் அடையாளம். உன் தொழிலில் இது ஓடாது. அய்யர் பங்களா பக்கத்தில் ஒரு ஃப்ளாட் என்று வைத்துக்கொள். வீட்டுச் சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், பணம் அவர் அனுப்புவார். கதவைத் திறப்பது வாடகைக்கு இருப்பவர். மாடிச் சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம். பதினொரு மாதத்தில் குடித்தனக்காரர் மாறிவிடுவார், அவரோடு நம்பரும் போய்விடும். ஏசி அதே சுவரில்தான் இருக்கும். சில சமயம் ஏசி குடித்தனக்காரருடையதாக இருந்து, அவரோடு வேறு வீட்டுக்குப் போகும். ஆகவே ஆள் தனி, இடம் தனி, மிஷின் தனி. மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். வேலை வரலாறு மிஷினோடு ஒட்டியிருக்க வேண்டும். இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிடு. ஸ்கேன் செய்தால் அந்த மிஷினின் ஜாதகம் முழுக்க வர வேண்டும். என்ன பிராண்ட், எத்தனை டன், எப்போது மாட்டியது, எப்போது கேஸ் ஏற்றியது, பிசிபி என்கிற சர்க்யூட் போர்டு மாற்றியதா, எல்லாம். ஸ்டிக்கரைப் பார்த்து வேறு யாராவது ஸ்கேன் செய்தால் உன் கடை பெயரும் நம்பரும் மட்டும் தெரியட்டும், வரலாறு உன் ஆட்களுக்கு மட்டும்.

இந்த மூன்று பிரிவைக் கொட்டேஷன் கொடுத்தவர்களிடம் சொல்லிப் பார். “அதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கலாம்” என்று சொன்னால், அவர்களிடம் வேலை கொடுக்காதே. திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடியில் இருக்கும் பதிவு அமைப்பைப் பாதியில் மாற்றுவது, குடிவந்த வீட்டில் அஸ்திவாரம் தோண்டுவது மாதிரி.

இரண்டாவது, நெட் இல்லாமல் ஓட வேண்டும். அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் பம்ப் பேனல் பார்க்கும்போதும், லிஃப்ட் ரூமிலும், பழைய தடிச்சுவர் வீட்டு உள்ளறையிலும் சிக்னல் வராது. பையன் ஐந்து போட்டோ எடுத்து, பார்ட் விவரம் எழுதி, சேமி என்று அழுத்தும்போது வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால், அடுத்த நாளிலிருந்து அந்த ஆப்பைத் தொட மாட்டான். திரும்பவும் நோட்டுக்குப் போய்விடுவான். எதுவானாலும் முதலில் ஃபோனுக்குள்ளேயே பதிவாக வேண்டும், சிக்னல் வந்ததும் தானாக மேலே போக வேண்டும். ஆபீஸில் தங்கச்சி நேரத்தை மாற்றியபோது, மாடியில் இவன் அதே வேலையை முடித்துவிட்டான் என்றால் இரண்டும் பதிவில் நிற்க வேண்டும், ஒன்று இன்னொன்றை அழித்துவிடக் கூடாது. இதை எப்படிச் செய்வார்கள் என்று நேரில் கேள். பதில் தெளிவாக வராவிட்டால் நேரில் சோதித்துப் பார். அவர்கள் முன்னாலேயே ஃப்ளைட் மோடில் போட்டு ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கச் சொல்.

திரை தமிழில் இருக்கட்டும். பட்டன் பெரிதாக இருக்கட்டும். டைப் அடிக்கவே தேவையில்லாமல், தொட்டுத் தேர்ந்தெடுப்பதும் பேசிப் பதிவதுமாக இருந்தால் நல்லது.

எஸ்டிமேட் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சண்டை வருவது அங்கேதான். வேலை முடிந்த பிறகு தொகையைச் சொன்னால் எந்த வீட்டிலும் முகம் மாறும். பழுது என்னவென்று பார்த்ததும், பார்ட் விலை இவ்வளவு, கூலி இவ்வளவு, 18 சதவீதம் ஜிஎஸ்டி இவ்வளவு என்று ஆப்பிலேயே போட்டு, பணம் கொடுப்பவரின் வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பட்டும். சிங்கப்பூரில் இருப்பவர் சரி என்று அழுத்தின பிறகு ஸ்க்ரூ கழற்றினால் போதும். மாற்றிய பழைய பார்ட்டைப் போட்டோ எடுத்து, அதை வீட்டில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு வரட்டும். நேர்மையாகத் தொழில் செய்கிறவனுக்கு இந்தப் பதிவு பெரிய துணை. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். உன்னைத் தெரியாத புது வாடிக்கையாளருக்கும் அது தெரிய வேண்டுமே.

வசூலுக்குத் தொகை நிரப்பிய யூபிஐ க்யூஆரைத் திரையில் காட்டினால் போதும். ஒன்றை மட்டும் கவனி: சாதாரண க்யூஆரில் பணம் வந்ததா என்று ஆப்புக்குத் தானாகத் தெரியாது. அது தெரிய, பணம் வந்ததை ஆப்புக்குச் சொல்லும் பேமென்ட் கேட்வே என்ற சேவை வேண்டும், அதற்குக் கட்டணம் இருக்கும். முதல் வருஷம் தங்கச்சி பேங்க் மெசேஜைப் பார்த்து டிக் செய்தால் போதும் என்பது என் எண்ணம்.

இனி, நீ ரொம்ப ஆசையாகக் கேட்டிருக்கும் விஷயம்: பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாள் முழுக்க மேப்பில் பார்ப்பது. மாப்ள, அதை வேண்டாம் என்று சொல்வேன். தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு; பல ஃபோன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னால் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். புள்ளி ஒரே இடத்தில் நிற்கும், நீ அவன் டீக்கடையில் இருக்கிறான் என்று நினைப்பாய், அவன் உண்மையில் ஏணி மேல் இருப்பான். வீண் சந்தேகம்தான் மிச்சம். ஆனால் எனக்கு முக்கியம் அதுவல்ல. உன்னிடம் இருப்பவர்கள் பத்து வருஷமாக உன் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள். 2021-ல் குருகிராமில் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண்கள் கமிஷனையும் வேலை நிபந்தனைகளையும் எதிர்த்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். ஆளை நேரில் பார்க்காமல் எண்ணாக மட்டும் பார்க்க ஆரம்பித்தால் மனஸ்தாபம் அப்படித்தான் வளரும். உன் ஆட்களோடு நீ ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன். “கிளம்பிட்டேன்”, “வந்துட்டேன்”, “முடிஞ்சது” என்று மூன்று பட்டன் வை. கிளம்பியதும் வீட்டுக்காரருக்கு மெசேஜ் போகட்டும். அதற்கு மேல் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். கூகுள் ப்ளே கணக்கு உன் பெயரில் இருக்க வேண்டும். ஒரே தடவை 25 டாலர்தான். செயலியை வெளியிடப் பயன்படும் சாவிக் கோப்பு, மூல நிரல், சர்வர் கணக்கு மூன்றும் உன் கைக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கு. இங்கே ஒரு பிளம்பிங் கான்ட்ராக்டருக்கு ஆப் செய்து கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். அவர் வாடிக்கையாளர் பட்டியலே அவருக்குக் கிடைக்கவில்லை. எந்த நாளும் முழுத் தகவலையும் எக்செல்லாக இறக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். அப்புறம், ஆப் ஒரு தடவை செய்து முடிகிற பொருள் இல்லை. புது ஆண்ட்ராய்டு வர வர, ஆப்பை அதற்கேற்பப் புதுப்பிக்கச் சொல்லி கூகுள் வருஷா வருஷம் கெடு வைக்கிறது. பராமரிப்புக்கு வருஷத்துக்கு எவ்வளவு என்று இப்போதே பேசிவிடு. வீட்டுக்குள் எடுத்த போட்டோ, விலாசம், நம்பர் எல்லாம் உன் பொறுப்பு. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உன்னையும் சேர்த்துத்தான். வேலைக்குத் தேவையில்லாத எதையும் வாங்கி வைக்காதே.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொன்றும் செய். ஜோஹோவில் இந்த மாதிரி களப்பணிக்கென்றே எஃப்எஸ்எம் என்று ஒன்று தயாராக இருக்கிறது, அவர்களுடைய கிரியேட்டர் என்ற ஆப் கட்டும் கருவியில் நாமே சிறியதாகக் கட்டிக்கொள்ளவும் முடியும். அதில் ஒரு மாதம் இரண்டு பையன்களை மட்டும் ஓடவிடு. எது பத்தவில்லை என்று அவர்கள் சொல்வதுதான் உன் சொந்த ஆப்புக்கான உண்மையான பட்டியல். அதுவே போதும் என்று தோன்றினால் பணம் மிச்சம், அதைப் புது வேக்குவம் பம்புக்குப் போடு.

எப்படியானாலும் மார்ச் முதல் ஜூன் வரை புதிதாக எதையும் இறக்காதே. சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை கம்ப்ளைன்ட் வரும் என்று உனக்கே தெரியும், அந்த நேரத்தில் பையன்களுக்குப் புதுசு கற்றுக்கொடுக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை குறையும்போது தொடங்கலாம். அதுவரை ஸ்டிக்கர் ஒட்டும் வேலையையும் மிஷின் விவரம் சேர்க்கும் வேலையையும் ஒவ்வொரு சர்வீஸோடும் சேர்த்துச் செய்துகொண்டே வா. அதை யார் ஆப் எழுதினாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தங்கச்சியிடம் சொல்லி, இப்போது வேலை எழுதும் நோட்டில் நாலைந்து பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அதைப் பார்த்தால் பதிவு அமைப்பை நானே வரைந்து அனுப்புகிறேன், கொட்டேஷன்காரர்களிடம் அதைக் காட்டிப் பேசலாம். அம்மாவை டாக்டர் அடுத்த மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். அது முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மதுரைக்கு வருகிறேன். அன்றைக்கு என்னை உன் பையன்களோடு வண்டியில் அனுப்பிவிடு, ஆபீஸில் உட்கார வைக்காதே.

அப்பாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

உன்,
பழைய ஹாஸ்டல் ரூம்மேட்