வார்டு உதவியாளருக்கும் ஒரு நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளியின் குடும்பம், பணம், தங்குமிடம் போன்ற சிக்கல்களில் உதவும் மருத்துவமனைச் சமூகப் பணி பற்றிய கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். பட்டம் பெற்ற பணியாளர்கள் போதவில்லை என்று அது சொல்வது உண்மைதான். ஆனால், பட்டம் இல்லாமலே அந்த வேலையில் பாதியைச் சுமக்கும் வார்டு உதவியாளர், பதிவு எழுத்தர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், தன்னார்வலர் ஆகியோரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது உறுத்தியது.

எங்கள் வார்டில் ஒரு மூதாட்டி, டிஸ்சார்ஜ் நாள் நெருங்க நெருங்கச் சாப்பாட்டைத் தொடாமல் வைத்தார். பசியின்மைக்கு மருந்து எழுதினார்கள். கோப்பில் 'மகன் பராமரிப்பு' என்று இருந்தது. மகன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன செய்தியை அவர் சொன்னது, விடியற்காலையில் தரை துடைக்க வரும் பெண்ணிடம் மட்டும்தான். "சமூகப் பணியாளர் அம்மாவிடம் சொல்லட்டுமா?" என்று மூதாட்டியிடம் கேட்டுக்கொண்டுதான் அந்தப் பெண் என்னிடம் வந்தார். அதன் பிறகே முதியோர் இல்லத்தில் இடம் தேட முடிந்தது. கோப்பில் அந்தத் தகவல் என் பெயரில் ஏறியது. வேறு பெயரில் ஏற வழியில்லை.

1905-ல் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ரிச்சர்ட் கேபட் சமூகப் பணியைத் தொடங்கியபோது அதற்கு முதலில் அமர்த்தப்பட்ட கார்னெட் பெல்டன் ஒரு செவிலியர். தன்னார்வலர்களும் கூட நின்றார்கள். இத்துறைக்கென்று தனிப் படிப்பு பிறகு வந்தது.

உடனே, 'அப்படியானால் யார் வேண்டுமானாலும் செய்யலாமே' என்று நிர்வாகங்கள் காலிப் பணியிடங்களை அப்படியே விட்டுவிடக் கூடாது. (சாக்குக் கிடைத்தால் அதை நழுவவிட மாட்டார்கள்.) காப்பீட்டு விண்ணப்பம் நிரப்புவது, உறவினரைத் தேடிப் பிடிப்பது, துணையில்லாதவரை ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போவது இவற்றையெல்லாம் பழகியவர் யாரும் செய்வார். தற்கொலைக்கு முயன்றவர், எக்ஸ்ரேயில் பழைய எலும்பு முறிவுகள் தெரியும் குழந்தை, 'வழுக்கி விழுந்தேன்' என்று கன்றிய முகத்தோடு வரும் பெண் ஆகியோர் விஷயம் வேறு; அதைப் படித்த பணியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நல்ல மனத்தோடு கணவனைத் தனியே அழைத்து 'இனி அடிக்காதீர்கள்' என்று புத்தி சொன்னால், வீட்டுக்குப் போனதும் அதற்கான அடியும் அந்தப் பெண்ணுக்குத்தான் விழும். எதைத் தானே பார்க்கலாம், எதை உடனே ஒப்படைக்க வேண்டும், கேட்டதை யாரிடம் மட்டும் சொல்லலாம் என்பதை வார்டு உதவியாளர் போன்றோருக்குக் கற்றுத்தர நெடிய படிப்பு வேண்டாம். சில வாரப் பயிற்சி போதும்.

அதோடு, டிஸ்சார்ஜ் பற்றிப் பேசும் வாராந்தரக் கூட்டத்தில் இவர்களுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும், அதுவும் பணி நேரத்துக்குள். இவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மேலாளர் முன்னால் வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். அப்படிப் போகாது என்பதை நிர்வாகம் முதலில் எழுத்தில் தரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ சமூகப் பணியாளர்