எருக்குழிக்குள் வளர்ந்த வண்டு

திருவட்டாறு,
ஐப்பசி 12

அன்புள்ள தாணு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை விட்டபாடில்லை, வாழையும் தென்னையும் நிற்கிற விளைக்குப் போவதும் நனைந்து திரும்புவதுமாகவே பொழுது போய்விடுகிறது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்தபோது, நாம் இருவரும் வாழைத்தோப்பு வழியாகப் பள்ளிக்கு ஓடியதுதான் நினைவுக்கு வந்தது.

மாடியில் தோட்டம் போடப்போகிறாயாம். "ரசாயன உரத்தை நிறுத்திவிட்டால் இயற்கை விவசாயம்தானே?" என்று கேட்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா விட்டுப்போன நாற்பது சென்டில் மூன்று வருடத்துக்கு முன் யூரியாவை நிறுத்தினேன். நிறுத்தியதோடு சரி, மண்ணுக்கு வேறொன்றும் கொடுக்கவில்லை. அந்த வருடம் மட்டி வாழை தள்ளிய குலையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. யூரியா சில நாளிலேயே பயிருக்குக் கிடைத்துவிடுகிற சோறு. எருவும் தழையும் அப்படியல்ல. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று சிதைத்த பிறகுதான் வேருக்குப் போகும். அதற்கு நாளாகும். ஆனி ஆடியிலும் ஐப்பசியிலும் அடித்துப் பெய்கிற மழை நம் சரளைமண்ணிலிருந்து சத்தை அரித்துக்கொண்டு போய்விடும். அதைப் பிடித்து நிறுத்துவதும் மக்கிய தழைதான்.

பிறகு உற்சாகமாக எருக்குழி வெட்டி, சாணமும் சருகும் போட்டு, ஓலையால் மூடி மறந்துவிட்டேன். ஆறு மாதத்தில் தென்னையில் விரிகிற ஓலையெல்லாம் கத்தரியால் நறுக்கிய விசிறிபோல வந்தது. காண்டாமிருக வண்டு! எருவில் புழுவாக வளர்ந்து, வண்டானதும் தென்னங்குருத்தைக் குடைகிற பூச்சி. குழியைக் கிளறினால் பெருவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், தலை மட்டும் பழுப்பு, வளைந்து சுருண்டு கிடக்கின்றன. "வண்டுக்குத் தொட்டில் கட்டி ஆட்டியிருக்கிறாய்" என்று பக்கத்து விளைப் பாட்டா சிரித்தார். பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். இப்போது எருவை அடிக்கடி கிளறுகிறேன். புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தையும் குழியில் கலக்கிறேன். வண்டு அண்டாமலிருக்க, ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கை இரண்டு பங்கு மணலோடு கலந்து, குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் மரமேறுகிறவரை வைக்கச் சொல்கிறேன்.

வாழைக்கு இடையில் தட்டைப்பயறு போட்டிருக்கிறேன். ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் நசுக்கிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதன்முதலில் அந்தச் சிவப்பைப் பார்த்த அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதற்கா அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொன்னீர்கள்?" என்றாள்.

உரக்கடைச் செலவு போயிற்று. கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நனைத்த இடத்துக்கு இப்போது வாரம் இருமுறை போதும். மண்வெட்டி போட்டால் மண்புழு நெளிகிறது. பழம் ருசி கூடியதா என்று கேட்காதே, என் நாக்கு கட்சி சேர்ந்துவிட்டது. விலையும் கூடவில்லை. நம் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சந்தையில் வியாபாரி குலையைத் தூக்கிப் பார்த்துத்தான் பணம் தருகிறார். இயற்கை விளைச்சல் என்று சான்றிதழ் வாங்கலாமென்றால் தென்னை போன்ற மரப்பயிருக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

உனக்கு அந்தத் தலைவலி இல்லை. கீரையில் தொடங்கு. தென்னைநார்க் கழிவு வாங்கினால் இரண்டு முறை அலசிவிடு, உப்பு இருக்கும். காய்கறிக் கழிவை மக்கவைக்கும்போது மேலே சருகைத் தாராளமாகப் போடு. நாற்றமடித்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளி. வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

அடுத்த வாரம் மருமகன் சென்னைக்கு வருகிறான். தட்டைப்பயறு விதையும் இரண்டு சீப்பு மட்டியும் கொடுத்துவிடுகிறேன். பழம் பேத்திக்கு. உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று உன் மனைவி என்னிடம் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
செல்லத்துரை